பாவாயிக்கு உத்தரவு இல்லை

ஜூன் 2, 2024, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. வேலாங்கரடு பாப்டிஸ்ட் சபையில் அப்பம் பிட்கும் நாள். அம்மாவை ஆட்டோவில் கூட்டிப் போனேன். அவள் மூன்றாவது பெஞ்சு, நான் வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சு. அதற்கு மேலே மட்டும் மின்விசிறி கிடையாது. அங்கத்தினர் அல்லாதவர்களுக்குக் காற்று வேண்டாம் என்று யாரும் தீர்மானம் போடவில்லை. அப்படி அமைந்துவிட்டது.

அப்பத் தட்டு எனக்கு முந்திய வரிசையோடு திரும்பிவிடும். இருபத்தொரு வருடமாக அப்படித்தான். அறவாழியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட மாதமே என் பெயரை அங்கத்தினர் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் கிறிஸ்தவர் இல்லை. திரும்பச் சேர வேண்டுமானால் சபை முன்னால் எழுந்து நின்று அந்தக் கல்யாணம் பாவம் என்று சொல்ல வேண்டும். அவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது சொல்வதாக இல்லை.

ஆராதனை முடிந்ததும் பர்னபா வந்தான். என் தம்பி, இங்கே அவன்தான் போதகர். அக்டோபரில் சபைக்கு நூற்றைம்பதாவது ஆண்டு விழா. நிறுவனர் சீர்பாதம் போதகரின் வாழ்க்கையையும் வம்சத்தையும் ஒரு புத்தகமாக எழுதித் தர வேண்டுமாம். சீர்பாதம் எங்கள் அப்பாவின் தாத்தாவுக்கு அப்பா.

"நீ ஹிஸ்டரி புரொபசர். வேற யாருகிட்டக்கா கேக்கறது? வெளியாளப் புடிச்சா நம்மள நாறடிச்சிருவான்."

"நான் நாறடிக்க மாட்டேன்னு யாரு சொன்னா?"

சிரித்தான். "கெடச்சத எழுது. தேவ ஊழியக்காரர்கிட்ட அப்படி என்ன கெடச்சிரப் போகுது?"

ஆட்டோவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புத்தகம் எழுதிக் குடுத்தா கமிட்டிக்காரங்க மனசு எறங்குவாங்கடி கெசியா. சாகறதுக்குள்ள ஒரே ஒருதரம் ஒம்பக்கத்துல உக்காந்து அப்பம் எடுத்துட்டாப் போதும் எனக்கு."

ஆட்டோ சத்தத்தில் காதில் விழாதது போல இருந்துவிட்டேன்.

ஜூன் 9

கல்லறைத் தோட்டம். பார்த்தீனியச் செடி இடுப்பு வரை வளர்ந்திருக்கிறது. தும்மிக்கொண்டே கல்வெட்டுகளைப் படி எடுத்தேன்.

"சீர்பாதம் போதகர், 1901இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், வயது 33." ஆண்டவரைப் போலவே முப்பத்துமூன்றில் போனவர் என்று எங்கள் குடும்பத்தில் பெருமை. ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் பர்னபா அதை வைத்துத்தான் பிரசங்கத்தை முடிப்பான். 1901இல் முப்பத்துமூன்று என்றால் பிறந்தது 1868. சபையை நிறுவியது 1874. ஆறு வயதில் நிறுவினார். நூற்றிருபது வருடமாக இந்தக் கழித்தலை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. வரலாறு படித்த நானும்தான்.

பக்கத்துக் கல்லில் ஒரு யோவன்னாள். "வயது 9. நான்கு பிள்ளைகளை விட்டுச் சென்றாள்." இப்படிப் பதினோரு கற்கள் இருக்கின்றன. முதல் தலைமுறை ஆட்கள் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து வயதை எண்ணியிருக்கிறார்கள். அதற்கு முந்தியது கணக்கில் இல்லை.

ஆக, அவர் 1868இல் தண்ணீரில் இறங்கியிருக்கிறார். அப்போது அவருக்கு உண்மையில் என்ன வயது, அதுவரை யாராக இருந்தார் என்பதெல்லாம் கல்லில் இல்லை.

ஜூன் 10

போனில் பர்னபாவிடம் சொன்னேன். 

"பதினாறு வருஷமா பிரசங்கம் பண்ணிட்டேனேக்கா."

"நிறுத்திக்க."

"நிறுத்துவானேன்? ஆவிக்குரிய வயது முப்பத்துமூணுன்னு சொல்லிக்கறேன்."

போதகர் வேலைக்குப் பொருத்தமானவன்தான்.

ஜூன் 23

சபை பீரோவின் சாவி தொலைந்து எத்தனையோ காலம். பூட்டை உடைத்துத் திறந்தார்கள். இந்தச் சபை தொடங்குவதற்கு முன்பிருந்தே வெள்ளைக்காரத் துரைமாரின் மிஷன் எழுதி வந்த குறிப்பேடுகள் நான்கு இருந்தன. ராமபாணப் பூச்சி இரண்டைத் தின்றுவிட்டது. மூன்றாவதில் எழுத்தராக இருந்த முன்ஷி ஒருவர் முத்து முத்தாக எழுதியிருக்கிறார். அப்படியே படி எடுத்தேன்:

"1868 ஜனவரி 12. அத்தியப்பன் என்னும் வண்டிக்காரன், வயது சுமார் 28, ஞானஸ்நானம் கேட்கிறான். அவனுக்குப் பெண்சாதிகள் இருவர். முந்தினவளை வைத்துக்கொண்டு பிந்தினவளைத் தள்ளிவிட்டாலொழிய அவனைத் தண்ணீரில் இறக்கலாகாது என்று துரையவர்கள் சொல்ல, சபையாரும் சம்மதித்தார்கள்."

"பிப்ரவரி 9. வள்ளி என்பவளே தன் முந்தின பெண்சாதி என்று அத்தியப்பன் சபை முன்பாகச் சாட்சி சொன்னான். பாவாயி என்கிறவளைத் தள்ளிவிட்டான். ஆற்றில் இருவருக்கும் முழுக்குக் கொடுத்து, அவனுக்குச் சீர்பாதம் என்றும் வள்ளிக்கு மிரியாள் என்றும் பேரிடப்பட்டது. பாவாயி வாசலில் வந்து நின்று சத்தமிட்டாள். அவளுக்கு உள்ளே வர உத்தரவு கொடுக்கப்படவில்லை."

நாங்கள் மிரியாளின் வம்சம். பாவாயி என்ற பெயரை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

ஜூன் 24

வாஷிங் மெஷின் ஓடவில்லை. போர்வைகளைக் கையால் துவைத்தேன். என்ன சொல்லிச் சத்தமிட்டாள் என்பதை முன்ஷி எழுதியிருக்கலாம்.

ஜூலை 14

அம்மாவின் கால் வீக்கம் வடியவில்லை. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள்.

நான்கு மணிக்கு ஒருவர் வந்தார். சென்றாயன், ராசிபுரம் பக்கம், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அறுபத்தைந்து வயதிருக்கும். நிறுவனரின் வம்சத்தார் தொடர்பு கொள்ளவும் என்று பர்னபா பேப்பரில் கொடுத்த அறிவிப்பைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

"நாங்களும் வம்சந்தானுங்க மேடம். ஆனா சர்ச்சுப் பக்கம் இல்லீங்க. எங்க தாத்தாவுக்கு அப்பா பேரு மூக்கன். மூக்கனப் பெத்தவ பாவாயி."

அந்தப் பெயரை நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்ச் சிறிது நேரம் நின்றேன்.

மூக்கனின் ஓலை ஜாதகத்தைக் கொண்டுவந்திருந்தார். விபவ வருடம், ஆவணி. அதாவது 1868 ஆகஸ்டு கடைசி அல்லது செப்டம்பர். பாவாயி வாசலில் நின்றபோது பிள்ளை வயிற்றில் இருந்திருக்கிறது.

"மொதத் தாலி கெழவிக்குத்தானுங்க. அடுத்தவ ரெண்டு வருஷம் கழிச்சு வந்தவ."

"சபைக் குறிப்புல அவரே வள்ளிதான் முதல்னு சாட்சி சொல்லியிருக்காரே."

"அவரு சொன்னததான எழுதியிருப்பாங்க? டிக்கெட் எடுத்துட்டேன்னு சொல்றவனெல்லாம் எடுத்தவனாங்க மேடம்?"

இருபத்திரண்டு வருடமாக நான் வகுப்பில் சொல்லித் தருவதை எனக்கே சொன்னார். எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கமாம். ஆற்றிலோ குளத்திலோ யாரும் தலை முழுக மாட்டார்கள். சாவு வீட்டுக்குப் போய் வந்தாலும் சொம்பில் மொண்டு ஊற்றிக்கொள்வதோடு சரி. "முங்கி எந்திரிச்சவனுக்குப் பொண்டாட்டிய அடையாளம் தெரியாமப் போச்சு, நீங்க யாரும் முங்காதீங்கன்னு கெழவி சொல்லிட்டுப் போயிட்டா. எங்க பேரப் பசங்க இப்ப நீச்சல் கத்துக்கணும்னு ஒரே சண்டை."

"உங்களுக்கு நான் என்ன செய்யணும்?"

"பங்கு பாகம் கேட்டு வரலீங்க. முப்பத்திரண்டு வருஷம் ஏறுனவன் எங்க எறங்குறான்னு பாக்கறதே பொழப்பாப் போச்சு. எங்க கெழவிய மட்டும் பாதி வழியில எறக்கி உட்டுட்டாங்க. அவ பேரு புத்தகத்துல வரணும். அவ்வளவுதானுங்க."

"எழுதறேன்."

"சத்தியமா?"

"நாங்க சத்தியம் பண்ண மாட்டோம். எழுதறேன்னா எழுதறேன்."

சபைக்கு வெளியே இருந்துகொண்டு 'நாங்க' என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 4

முதல் ஞாயிறு. வீட்டுக்கு வந்ததும் அம்மா இடுப்பிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். அவளுக்குக் கொடுத்த அப்பத்தில் பாதி.

"எடுத்துக்க. யாரும் பாக்கல."

"தெரிஞ்சா உன் பேரையும் எடுத்திருவாங்கம்மா."

"எடுத்தா எடுக்கட்டும். எம்பது வயசுக்கு மேல என்ன கலெக்டர் உத்தியோகமா போகப் போகுது?"

நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் எறும்பு.

ஆகஸ்ட் 18

நான்காவது குறிப்பேடு. 1893.

"மிரியாளம்மாள் மரணப் படுக்கையில், தானே பிந்தி வந்தவள் என்றும், அந்நாளில் பாவாயிக்கு மூன்று மாதம் என்றும், தன் புருஷர் அறிந்தே பொய்ச்சாட்சி சொன்னார் என்றும் சபை உதவிக்காரர் இருவருக்கு முன் சொன்னாள். ஜன்னியில் பிதற்றுகிறாள் என்று சீர்பாதம் போதகர் சொன்னபடியால் சபைக்குக் கொண்டுபோகப்படவில்லை."

கொண்டுபோகாததை எதற்கு எழுதி வைத்தார்கள்? எவனோ ஒருவனுக்குத் தூக்கம் வரவில்லை போலிருக்கிறது.

கண்டக்டர் சொன்னது சரி. எங்கள் வம்சக் கணக்குப்படி பிந்தியவளுக்கு அப்போதே மகன்கள் இருந்தார்கள், இளையவள். முந்தியவளுக்கு அதுவரை பிறந்ததெல்லாம் இறந்திருக்க வேண்டும். பிள்ளை தங்காத வீட்டில்தான் அடுத்ததற்கு மூக்குக் குத்தி மூக்கன் என்று பெயர் வைப்பார்கள். சீர்பாதம் கணக்குப் போட்டுத்தான் சாட்சி சொல்லியிருக்கிறார்.

ஆகஸ்ட் 30

கையெழுத்துப் பிரதியை பர்னபாவிடம் கொடுத்துவிட்டேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். 1868, 1893 குறிப்புகள் அப்படியே உள்ளன. மூக்கனின் வம்சம் தனிக் கிளையாக உள்ளது. நன்றாக வந்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

செப்டம்பர் 8

பர்னபா மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். மீன் குழம்பு வைத்தேன். அம்மா தூங்கப் போகும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு பிரதியை மேஜையில் வைத்தான்.

"இத அச்சடிக்க முடியாதுக்கா."

"எதுல தப்பு?"

"தப்பே இல்ல. அதான் பிரச்சன." தண்ணீர் குடித்தான். "பொய்ச்சாட்சி சொல்லி எடுத்த முழுக்கு செல்லுமா? செல்லாதுன்னு கமிட்டியில எபநேசர் கோஷ்டி ஆரம்பிக்கும். அப்ப அவர் கையால முழுக்கு எடுத்தவங்க? அவங்க குடுத்த முழுக்கு? அப்பா அவங்க வழியிலதான் எடுத்தாரு, நான் அப்பா கையில எடுத்தேன். நானே நானூறு பேர முக்கியிருக்கேன். நூத்தம்பது வருஷமா வெறுமன நனஞ்சதுதான் மிச்சம்னு ஆயிரும்."

சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். உண்மையிலேயே பயந்திருந்தான்.

"நீ என்ன செய்யணும்ங்கற?"

"ஒரே ஒரு வரி. ஞானஸ்நானத்துக்கு முந்தின வருஷமே அந்தம்மா காலமாயிட்டாங்கன்னு போடு. பேரு வேணும்னா போட்டுக்க. பாவாயின்னே போடு. ஆனா செத்துட்டாங்கன்னு போடு. அந்தக் கிளை வேண்டாம்."

"நான் வாக்குக் குடுத்திருக்கேன் பர்னபா."

"பேருக்குத்தான குடுத்த? பேரு இருக்குமே." பிறகு குரலைத் தாழ்த்தினான். "கமிட்டியில பேசிட்டேன். நீ எழுந்து நின்னு ஒண்ணும் சொல்ல வேண்டாம். இந்தப் புத்தகத்தயே உன் சாட்சியா ஏத்துக்கலாம்னு தீர்மானம் போடறாங்க. மாமா பேர யாரும் எடுக்க மாட்டாங்க. அக்டோபர் மொத ஞாயிறு நீ அம்மா பக்கத்துல உக்காரலாம்."

அறவாழியை அவன் மாமா என்று சொல்வதை இருபத்தொரு வருடத்தில் இன்றுதான் கேட்டேன். தகனத்துக்குக் கூட வராதவன். அம்மா மட்டும் வந்து சுடுகாட்டு கேட்டுக்கு வெளியே குடை பிடித்துக்கொண்டு நின்றாள்.

யோசிக்கிறேன் என்றேன். மீன் குழம்பு நல்லாயிருந்தது என்று சொல்லிவிட்டுப் போனான்.

செப்டம்பர் 10

எக்கோ எடுத்தார்கள். டாக்டர் சின்னப் பெண், என்னிடம் படித்தவளின் தங்கையாம். அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "ஹார்ட் இருபது பர்சன்ட்தான் வேல செய்யுது மேடம். எங்கயாவது போகணும்னு ஆசப்பட்டாங்கன்னா தள்ளிப் போடாதீங்க. கூட்டிட்டுப் போயிருங்க."

வெளியே வந்தால் அம்மா பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எம்மக சபைக்குப் புத்தகம் எழுதறா. சபை ஐயருங்களுக்கே தெரியாததெல்லாம் கண்டுபுடிச்சிருக்கா."

செப்டம்பர் 12

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். 41ஆம் பக்கம்: "அவருடைய மற்றொரு மனைவி பாவாயி 1867இல் காலமானார்." ஆறு சொற்கள். பெயர் இருக்கிறது. கண்டக்டர் கேட்டது பெயர்தான்.

செப்டம்பர் 13

தேங்காய் எண்ணெய், ரசப்பொடி, அம்மாவுக்கு அடல்ட் டயபர். கல்லூரியில் ஆய்வு மாணவி ஒருத்தியின் கட்டுரையைத் திருத்தினேன். ஆதாரம் இல்லாமல் தேதி எழுதக் கூடாது என்று ஓரத்தில் எழுதிவிட்டு அதை அடித்துவிட்டேன்.

அக்டோபர் 6

பர்னபா தீர்மானத்தை வாசித்தான். "சகோதரி கெசியா மறுபடியும் ஐக்கியத்தில் சேர்த்துக்கொள்ளப்படுகிறார்." யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவும் முன்பே பேசி வைத்ததாக இருக்கும்.

மூன்றாவது பெஞ்சில் காற்று நன்றாக வருகிறது. அம்மா வெள்ளைப் புடவையில், சக்கர நாற்காலியை மறுத்துவிட்டு, என் தோளைப் பிடித்து நடந்து வந்து உட்கார்ந்தாள். தட்டு வந்தது. எபநேசர் நீட்டினார். எடுத்தேன். அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நான் வாயில் போடும்வரை, சின்ன வயதில் மருந்து கொடுத்துவிட்டுப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் தன் பங்கை எடுத்தாள். முழுதாக.

மைதா ருசி. வேறு ஒன்றும் தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டில் படுக்க வைத்தபோது அம்மா சொன்னாள்: "அறவாழியும் இருந்திருக்கலாம். நல்ல புள்ள."

இருந்தபோது ஒருநாளும் சொன்னதில்லை.

அக்டோபர் 20

ஆண்டு விழா. பந்தல், பிரியாணி, தலைக்கு இரண்டு பிரதி புத்தகம். என்னை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். பர்னபா என்னை "சத்தியத்தின் எழுத்தாளி" என்றான். மைக் இரைந்தது. எல்லோருக்கும் கேட்டிருக்காது.

சென்றாயன் மனைவியோடு வந்திருந்தார். அவருக்கு நான் அழைப்பு அனுப்பவில்லை. பர்னபாவின் அறிவிப்பைப் பார்த்து வந்திருக்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மேடையிலிருந்து இறங்கும்போது கூட்டத்தைப் பிளந்துகொண்டு எதிரே வந்தார்.

"பேரு வந்திருக்குங்களா மேடம்?"

"வந்திருக்கு. நாப்பத்தோராம் பக்கம்."

அந்த அம்மாள் என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தடுக்கப் போனேன், அதற்குள் ஒற்றிவிட்டாள். "எங்க மாமியா இருந்தா கும்புட்டுருப்பாங்க" என்றாள். ஐந்து பிரதி கேட்டார்கள். நானே எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே பிரித்துவிடுவார்களோ என்று பயந்து, சாப்பாடு முடியப்போகிறது, பந்திக்குப் போங்கள் என்று அனுப்பி வைத்தேன்.

அக்டோபர் 23

காலையிலிருந்து இரண்டு முறை சென்றாயன் எண்ணிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மூன்றாம் முறை அம்மா எடுத்து, இருக்கிறாள் என்று சொல்லி என்னிடம் நீட்டிவிட்டாள்.

"மேடம், சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"ஒண்ணுமில்லீங்க, ஒரு சின்ன சந்தேகம். பேத்தி நேத்து சத்தமா வாசிச்சா. வீடு நெறய ஆளுங்க, எல்லாத்தயும் வரச் சொல்லியிருந்தமுங்க. கெழவி அறுபத்தேழுலயே செத்துட்டான்னு வாசிக்கிறா. மூக்கன் அறுபத்தெட்டு ஆவணிங்களே. ஜாதகத்த நீங்களே பாத்தீங்க." குரலில் கோபம் இல்லை. பஸ்ஸில் சில்லறை தவறியதை விசாரிப்பது போலத்தான் கேட்டார். "செத்தவ எப்படீங்க மேடம் புள்ள பெத்தா?"

அம்மா கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அச்சுல தப்பாயிருச்சுங்க" என்றேன்.

 பின்னால் யாரோ என்னவென்று கேட்டார்கள். "அச்சுல தப்பாயிருச்சாமா" என்று அவர் அங்கே சொல்வது கேட்டது. யாரோ ஒரு பெண் சிரித்தாள்.

"சரீங்க மேடம். பிரஸ்காரன் பாவம், அவனுக்கு என்ன தெரியும். வெச்சர்றேனுங்க."

போனை வைத்ததும் யாரென்று அம்மா கேட்டாள். புத்தகம் படித்தவர், பாராட்டுகிறார் என்று சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம்.

அச்சகத்தில் ஒரு தவறும் இல்லை. மெய்ப்பு மூன்று முறை பார்த்தது நான்தான்.